முந்நூறு குரல்களும் ஒரு மௌனமும்

சென்ற மார்கழியில் கொழும்பில் நடைபெற்ற நத்தார் இசைநிகழ்ச்சி ஒன்றின் அழைப்பிதழில், பாடலின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் "300 குரல்கள்" என அச்சிடப்பட்டிருந்தது. பல பாடகர் குழுக்கள் ஒன்றுகூடி ஹண்டெலின் 'அல்லேலூயா'வைப் பாடப்போகின்றன என்ற செய்தி அதன் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. போனேன். முந்நூறு பேரும் வந்திருந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. மேடை போதாமல் பக்கப் படிகளிலும் நின்றார்கள். பாடலைத்தான் காணவில்லை.

முடிந்ததும் கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று. அருகில் இருந்த பெரியவர் என் பக்கம் திரும்பி, "பார்த்தீரா தம்பி, மண்டபமே அதிர்ந்துவிட்டது" என்றார். அதிர்ந்தது உண்மைதான். மின்பிறப்பாக்கியை இயக்கினாலும் மண்டபம் அதிரும்.

நான் இசைவாணன் அல்லன், பத்திரிகைக்காரன். கிறிஸ்தவனும் அல்லன், தேவாரம் கேட்டு வளர்ந்தவன். ஆயினும் இந்த ஒரு பாடலை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, கிடைத்த ஒலிநாடாக்களிலும் இறுவட்டுகளிலும், இப்போது இணையத்திலும், விடாமல் கேட்டுவருகிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: ஆட்தொகையைக் கூட்டினால் இந்தப் பாடல் பெருகும் என்பது இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட மூடநம்பிக்கை. அதைத்தான் நமது விழாக் குழுவினர் புதிய கண்டுபிடிப்புப்போல் நமக்கு விற்கின்றனர்.

'மெசையா' 1742 ஏப்ரல் 13ஆம் திகதி டப்ளின் நகரில் முதன்முதலில் அரங்கேறியது. பாடியவர்கள் அந்நகரின் இரு பேராலயங்களைச் சேர்ந்த ஆண்களும் சிறுவர்களும்; அவர்களோடு சில தனிப்பாடகர்கள். எல்லோருமாக முப்பது பேரளவில் இருந்திருக்கலாம் என்பர் ஆய்வாளர். கேட்க வந்தவர்களோ ஏறத்தாழ 700 பேர். அவர்கள் மண்டபத்துள் அடங்கவேண்டும் என்பதற்காக, பெண்கள் வளையம் வைத்த பாவாடைகளைத் தவிர்க்குமாறும் ஆண்கள் உடைவாளை வீட்டில் வைத்துவிட்டு வருமாறும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஆக, நெரிசல் மேடையில் இருக்கவில்லை, அரங்கில் இருந்தது. அது இருக்கவேண்டிய இடமும் அதுதான். நிகழ்ச்சியின் வருவாய் கடன்பட்டுச் சிறையிலிருந்தோரை மீட்கவும் மருத்துவமனைகளுக்கும் போயிற்று.

இலண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளைப் பராமரித்த இல்லத்துக்காக ஹண்டெல் தம் முதுமையில் இதை ஆண்டுதோறும் நடத்தினார். 1754ஆம் ஆண்டுக்குரிய கணக்கு இன்றும் இருக்கிறது. வாத்தியக்காரர் 38 பேர்; பாடகர் குழுவில் 19 பேர், அவர்களுள் ஆறு பேர் சிறுவர். பாடலை ஆக்கியவருக்கு 19 குரல் போதுமாக இருந்தது. நமக்குத்தான் போதவில்லை.

அவர் மறைந்து கால் நூற்றாண்டு ஆனதுமே நோய் தொற்றிவிட்டது. 1784இல் வெஸ்ற்மின்ஸ்ரர் மடாலயத்தில் நடந்த ஹண்டெல் நினைவு விழாவில் பாடகரும் வாத்தியக்காரருமாக 500 பேருக்கு மேல். 1857இல் இலண்டன் கண்ணாடி மாளிகையில் பாடகர் மட்டும் 2,000. 1880களில் அதே இடத்தில் 4,000. பேரரசு வீங்கிய காலத்தில் பாட்டும் வீங்கியது; இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1888இல் அந்த மாளிகையில் நாலாயிரம் பேர் பாடியதன் ஒரு பகுதி எடிசனின் மெழுகு உருளையில் பதியப்பட்டது. பாடல் வேறு, ஹண்டெலின் 'எகிப்தில் இஸ்ரவேல்'. அதை இன்று எவரும் கேட்கலாம். எங்கோ தொலைவில் கடல் இரைவதுபோல் ஓர் ஓசை, ஊர்ந்து செல்லும் வேகம், ஒரு சொல்லும் பிடிபடாத மூட்டம். பழியில் பாதி அந்தக்காலக் கருவிக்குரியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றப் பாதி?

மற்றப் பாதியைப் பள்ளிக்கூட விஞ்ஞானமே விளக்கும். ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்கிறது. மேடையின் ஓரத்தில் நிற்பவருக்கு 34 மீற்றருக்கு அப்பால் நிற்பவரின் குரல் பத்தில் ஒரு வினாடி தாமதித்தே கேட்கும். விரைவாகப் பாடினால் அந்தப் பத்திலொன்று சொற்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் குழப்பிவிடும். ஆகவே நடத்துநர் வேகத்தைக் குறைக்கிறார். குறைத்ததும் துள்ளவேண்டிய பாட்டு ஊர்வலம் போகிறது. ஊர்வலத்தைக் கேட்டு நாம் "கம்பீரம்" என்கிறோம்.

பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த பெர்னாட் ஷா 1891இலேயே இதைக் கேட்டுவிட்டார். பெருங்கூட்டத்துக்குப் பணத்தை இறைப்பதை விட்டு, நன்கு பயின்ற இருபது கலைஞரை வைத்து இதை முறையாக நடத்த ஒருவரும் இல்லையா என்பது அவர் கேள்வி. அக்காலத்தில் எவரும் செவிசாய்க்கவில்லை. பத்திரிகைக்காரன் சொல்லை யார் கேட்கிறார்கள்!

கொழும்பில் என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். இந்தப் பாடல் ஒரே ஓங்காரம் அல்ல. தொடக்கத்தில் நால்வகைக் குரல்களும் ஒன்றாக முழங்கும். பிறகு அனைவரும் ஒரே சுரவரிசையில் இணைவர். நடுவில் ஓரிடத்தில் குரல்கள் தாழ்ந்து, அடங்கி, மண்ணைத் தொட்டு எழும். அதன்பின் பாஸ் குரல் ஓர் அடியைத் தொடங்க, டெனர், அல்ட்டோ, சொப்ரானோ என ஒவ்வொன்றாக ஏறிக்கொள்ளும். அடுத்து சொப்ரானோக்கள் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்து, படிப்படியாக உயர்த்திச் செல்வர். கீழே மற்றவர்கள் விடாது மறுமொழி சொல்வர். இறுதியில், எல்லாம் உச்சத்தில் இருக்கும்போது, திடீரென ஒரு மௌனம். இரண்டு மூன்று அடி நேரம் ஒன்றுமே இல்லை. அதன்பின் கடைசி அல்லேலூயா, மெதுவாக.

என் கணிப்பில் அந்த மௌனமே ஒரு குழுவை அளக்கும் கோல். அதைக் காக்க ஒவ்வொருவரும் எண்ணவேண்டும், பக்கத்தவரைக் கேட்கவேண்டும், மூச்சை அடக்கவேண்டும். கொழும்பில் முந்நூறில் நாலைந்து பேர் அந்த மௌனத்துக்குள் பாடிவிட்டார்கள். அவர்களை நான் குறைகூற மாட்டேன். பல குழுக்களையும் ஒன்றாக வைத்து எத்தனை ஒத்திகை நடந்தது என்று விசாரித்தேன், இரண்டு என்றார்கள். அவர்கள் பாடாதிருந்தாலும் மௌனம் பிழைத்திராது. ஒலிபெருக்கிகளின் எதிரொலி அதை நிரப்பியிருக்கும்.

மூவகைப் பதிவுகளைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். தோமஸ் பீச்சம் 1959இல் செய்த பதிவில் கூசன்ஸ் அமைத்த வாத்தியக் கோலம், கைத்தாளங்கள்கூட மோதும். ஹண்டெல் எழுதாத ஆடம்பரம் அது. ஆனால் பீச்சம் தாம் ஆடம்பரம் செய்வதை மறைக்கவில்லை. விருந்தென்றால் விருந்து என்று படைக்கிறார். வாரத்தில் ஒருநாள் கேட்க நன்று. கிறிஸ்தோபர் ஹொக்வுட் நடத்தி 1980இல் வெளிவந்த பதிவோ 1754ஆம் ஆண்டு முறையைப் பின்பற்றுவது. ஒக்ஸ்போர்டின் கிறைஸ்ற் சேர்ச் பேராலயச் சிறுவர்களின் குரலில் சொற்கள் கண்ணாடிபோல் தெரிகின்றன. மௌனம் மௌனமாகவே இருக்கிறது. எனக்கு இதில் ஒரு குறையுண்டு. சில இடங்களில் அரும்பொருட்காட்சியகத்தின் குளிர் வீசுகிறது. சிறிய குழு என்றாலே சரியான குழு என்று வாதாடும் தூய்மைவாதிகளோடும் நான் இல்லை.

மூன்றாவது, குவின்சி ஜோன்ஸ் பங்கேற்ற 1992ஆம் ஆண்டின் கறுப்பினத்தவர் பதிப்பு. ஹண்டெலின் தாளத்தையே கழற்றிவைத்து, தங்கள் தேவாலயங்களின் கைத்தட்டலையும் குரல்நெளிவுகளையும் ஏற்றிப் பாடினார்கள். இது திரிபு என்று முகஞ்சுளிப்போர் உளர். நான் சுளிக்கவில்லை. பாடுவோர் ஒவ்வொருவரும் பிறர் பாடுவதைக் கேட்டுப் பதில் சொல்கிறார். மாற்றினார்கள், ஆனால் தொலைக்கவில்லை.

பெரிய குழுவே ஆகாதென்றும் சொல்லவரவில்லை. இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்ட் சங்கம் 1836இல் தொடங்கியது. மல்கம் சார்ஜென்ற் நடத்திய அவர்களின் 1946ஆம் ஆண்டுப் பதிவு கனமானது, மெதுவானது. ஆயினும் அது ஓர் உடம்பிலிருந்து எழும் குரல். தலைமுறைகளாகச் சேர்ந்து பாடிய கூட்டத்துக்கும், இரண்டு ஒத்திகையில் சேர்த்துக் கட்டிய கூட்டத்துக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

கனடாவிலுள்ள வாசகர் பலர் 2010 நவம்பரில் ஒன்ராறியோவின் வெலண்ட் நகரில், வணிக வளாக உணவுக்கூடத்தில் திடீரெனப் பாடப்பட்ட அல்லேலூயாவை அந்நாளில் எனக்கு அனுப்பியிருந்தீர்கள். உண்டுகொண்டிருந்தவர் நடுவிலிருந்து ஒருவராக எழுந்து பாடினார்கள். இசைத் தரத்தில் முதல் வரிசை என்று சொல்லேன். ஆனால் பக்கத்து மேசைக்காரர் பாடத் தொடங்கும்போது, கையில் எடுத்த உணவோடு நிமிர்ந்து பார்ப்பவரின் முகம் இருக்கிறதே, அதை எந்த 300 குரலும் வாங்கித்தராது.

எழுந்து நிற்பதைப் பற்றியும் ஒரு சொல். இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் எழுந்தாராம், அதனால் நாமும் எழவேண்டுமாம். மன்னர் அங்கு வந்திருந்தார் என்பதற்கே அக்காலச் சான்றில்லை. கதை முதன்முதலில் தலைகாட்டுவது 1780இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில். கொழும்பிலும் எழுந்தோம். நானும் எழுந்தேன், உட்கார்ந்திருந்தால் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்த்திருப்பேன்.

இந்த நோய் தேவாலயத்துக்கு மட்டும் உரியதன்று. நமது கோயில் திருவிழா விளம்பரங்களில் எத்தனை கூட்டம் மேளம் என்பதுதான் கொட்டை எழுத்தில் வருகிறது. என்ன இராகம் வாசித்தார்கள் என்று மறுநாள் எவரும் பேசுவதில்லை.

1992 மார்கழி. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று ஈராண்டுக்கு மேலாகியிருந்தது. அப்போது நான் பல்கலைக்கழக மாணவன். நண்பன் ஒருவன் தங்கள் ஊர்ச் சிறு தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றான். ஒரு பெற்றோல்மாக்ஸ் விளக்கு. மண்ணெண்ணெய் விலைக்கு அதுவே ஆடம்பரம். காலால் மிதிக்கும் பழைய ஆர்மோனியம் ஒன்று. பாடியவர்கள் பதினேழு பேர், எண்ணினேன். டெனருக்கு இருவரே, இளைஞர் பலர் ஊரில் இல்லை. சொப்ரானோவில் நின்ற ஆசிரியை ஒருவர் உயர்ந்த சுரத்தில் சற்றுத் தளம்பினார். அந்த இறுதி மௌனம் வந்தபோது விளக்கின் இரைச்சல் கேட்டது. அதற்கும் அப்பால், எங்கோ தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. பதினேழு பேரும் மூச்சை அடக்கி நின்று, பின்னர் ஒன்றாகக் கடைசிச் சொல்லைப் பாடினார்கள்.

வரும் மார்கழியில் 500 குரல்கள் என்று அந்த விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் தொலைபேசியில் சொன்னார். முன்கூட்டியே நாலு வரி எழுதித்தர முடியுமா என்றும் கேட்டார். எத்தனை ஒத்திகை என்று கேட்டேன். அது இன்னும் தீர்மானமாகவில்லையாம்.