'டெஸ்டட்' என்றால் சோதித்ததா?

திருமணப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் வரும் நம் சமுதாயக் குடும்பங்கள் பல. சீட்டுப் பணமும் கடனும் திரட்டி வரும் தாய்மார்களுக்குக் கடையில் வழங்கும் தொழிற்சொற்கள் விளங்குவதில்லை. விளங்காத சொல்லுக்குத் தலையசைத்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கின்றனர். ஆகவே, அச்சொற்களுள் சிலவற்றை இம்மாதம் காண்போம்.

தறியில் நீளவாக்கில் ஓடும் இழை 'பாவு'. குறுக்கே ஓடுவது 'ஊடை'. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையுமாறு மூன்று நாடாக்களை ஓட்டி, ஊடைகளை ஒன்றோடொன்று கோத்து நெய்வது 'கோர்வை'. இதற்கு நெசவாளருடன் துணையாள் ஒருவரும் வேண்டும். விலை கூடுவதற்கு அது நியாயமான காரணமே.

இனி ஜரிகை. பட்டிழையின் மீது மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது அசல் ஜரிகை. 'டெஸ்டட் ஜரிகை' என்று கேட்டதும், சிறிது ஆங்கிலம் அறிந்தவர்கள் 'சோதித்துத் தரம் கண்டது' எனக் கருதி மகிழ்கின்றனர். வணிக வழக்கிலோ, அது செப்புக் கம்பியின் மீது வெள்ளி முலாம் ஏற்றிய மலிவான ஜரிகையின் பெயராகும்! நெருக்கடி வந்து பழம்பட்டை விற்கச் செல்லும் நாளில்தான் வேறுபாடு புலப்படும். அசலை உருக்கினால் வெள்ளி கிடைக்கும். மற்றதில் விலைபோகும் பொருள் மிகச் சொற்பம்.

'சில்க் மார்க் இருக்கிறதே' என்பார்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் வந்த அம்முத்திரை, இழை தூய பட்டு என்பதற்கே சான்று, ஜரிகைக்கு அன்று.

டெஸ்டட் ஜரிகையை விற்பதும் வாங்குவதும் குற்றமல்ல. அறிந்து, அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்கலாம். அறியாமல் அசலின் விலையைக் கொடுப்பதே இழப்பு. அறியாமையைக் கண்டும் விற்பவர் வாய்மூடி இருப்பதோ பாவம்.

மத்ரஸாவிலும் தொழிற்சொல் உண்டு. பொருளின் குறையை மறைத்து விற்பதை மார்க்கச் சட்ட நூல்கள் 'தத்லீஸ்' என்கின்றன. அவ்வாறு ஏமாந்தவருக்குப் பொருளைத் திருப்பித் தரும் உரிமை உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டார்கள். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. விளங்காத சொல்லும் ஈரத்தை மூடிய மேல் தானியம் போன்றதே.

எனவே சகோதரிகளே, கூச்சம் வேண்டாம். 'ஜரிகையின் உள்ளே இருப்பது வெள்ளியா, செம்பா?' என்று நேராகக் கேளுங்கள். கிடைக்கும் விடையை ரசீதில் தமிழிலேயே எழுதி வாங்குங்கள். நேர்மையான வணிகர் அதற்கு ஒருபோதும் தயங்கமாட்டார்.