டைமிங் செயினும் தேய்மானமும்

அப்பாவோட பழைய 100 சிசி வண்டி, காலையில ஸ்டார்ட் பண்ணினா கடகடன்னு சத்தம். "கெட்டி ஆயில் ஊத்து தம்பி, அடங்கிடும்"னார் மெக்கானிக். அடங்குச்சு, ஒரே மாசம். அப்புறம் பிரிச்சுப் பார்த்தா டென்ஷனர் ஸ்பிரிங் செத்துப் போயிருந்தது.

சத்தத்தை அமுக்குறது ரிப்பேர் இல்லைங்க. முதல்ல ஆயில் அளவு, அடுத்து டாப்பெட் இடைவெளி, அப்புறம் டென்ஷனர் பாருங்க. மூணும் சரியா இருந்தும் சத்தம் வந்தா, பெரும்பாலும் செயின் நீண்டிருக்கும். பல்சக்கரத்தோட சேர்த்து மாத்திடுங்க. விட்டா ஒருநாள் பல் தாண்டி, வால்வு பிஸ்டன்ல மோதலாம். செலவு எங்கேயோ போயிடும்.

பி.காம் படிக்கிற எனக்கு இதுல ஒரு பாடம்: தேய்மானத்தை எழுதாம விட்டா கணக்குல லாபம் கூடுதலாத் தெரியும். பொருள் தேயறது நிக்காது.