“ரெண்டு வயர்தானே!”

பிரிட்டனில் குளிர்காலத்தின் முதல் கேஸ் பில் வந்ததும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு யோசனை சுற்ற ஆரம்பிக்கிறது. ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கு, சுவரில் இருக்கும் பழையதைக் கழற்று, ரெண்டு வயர்தானே, அதே இடத்தில் மாட்டு, அடுத்த மாதமே பில் இறங்கிவிடும். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் யோசனைதான். ஆனால் அதில் ஒவ்வொரு துண்டும் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பது ஆபத்து.

முதலில் அந்த இரண்டு வயர். தெர்மோஸ்டாட் அடிப்படையில் ஒரு சுவிட்ச் என்பது சரி. அறை குளிர்ந்தால் இரண்டு முனைகளைச் சேர்க்கும், சூடானால் பிரிக்கும். கேட்க வேண்டிய கேள்வி, அந்த முனைகளுக்கு இடையே ஓடுவது என்ன மின்சாரம் என்பது. சில காம்பி பாய்லர்களில் (ஹீட்டிங்குக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒரே பெட்டி) 230 வோல்ட் புறப்பட்டு, சுவிட்ச் வழியாகத் திரும்பி வரும். வேறு சிலவற்றில் அதே வேலைக்கு 24 வோல்ட் போன்ற தாழ்ந்த மின்னழுத்தம்தான். ஒரே பாய்லரில் இரண்டு வகை முனைகளும் அருகருகே இருப்பதுண்டு.

நெஸ்ட் தெர்மோஸ்டாட்டோடு வரும், பாய்லரோடு இணையும் ஹீட் லிங்க் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஹீட்டிங்குக்கான பொது முனை 2, சூடு கேட்கும் முனை 3. இந்த இரண்டிலும் சொந்தமாக மின்சாரம் கிடையாது, வெறும் தொடுமுனைகள். 230 வோல்ட் எதிர்பார்க்கும் பாய்லராக இருந்தால், லைவ் முனையிலிருந்து 2க்கு ஒரு சின்ன இணைப்பு வயர் போட வேண்டும். விரல் நீளம்கூட இருக்காது. தாழ்மின்னழுத்த பாய்லரில் அதே துண்டு வயரைப் போட்டால், 24 வோல்ட்டுக்கான இடத்துக்குள் 230 பாயும். பாய்லரின் சர்க்யூட் போர்டு அங்கேயே முடிந்துவிடும். தெர்மோஸ்டாட்டை விட போர்டை மாற்றுவதற்கு அதிகம் செலவாகலாம்.

இன்னொரு துண்டு வயரும் உண்டு. பல பாய்லர்களில் தெர்மோஸ்டாட் முனைகளைத் தொழிற்சாலையிலேயே ஒரு லிங்க் போட்டு இணைத்திருப்பார்கள். அதை எடுக்காமல் புதியதை இணைத்தால், போனில் நீங்கள் எத்தனை முறை அணைத்தாலும் ரேடியேட்டர்கள் கொதித்துக்கொண்டேதான் இருக்கும்.

“பழைய வயர்களின் நிறத்தைப் பார்த்து அப்படியே மாற்றினால் சரி” என்கிறார்கள். நிறத்தை நம்ப முடியாது. பிரிட்டனில் சிவப்பு, கறுப்பு போய் பழுப்பு, நீலம் வந்தது 2004இல். 2006 ஏப்ரலிலிருந்துதான் புதிய வேலைக்கு அது கட்டாயம். பழைய வீடுகளில் இரண்டு தலைமுறை வயர்களும் கலந்து கிடக்கும். மேலும், சுவிட்சிலிருந்து திரும்பி வரும் லைவ் பல இடங்களில் நீல வயரில்தான் ஓடுகிறது. அதன் நுனியில் பழுப்பு உறை மாட்டியிருக்க வேண்டும். மாட்டாமல் விட்டவர்கள் ஏராளம். பழைய தெர்மோஸ்டாட் சிலவற்றில் மூன்றாவதாக ஒரு நியூட்ரல் வயரும் வரும். அதை ஹீட் லிங்கின் தொடுமுனையில் செருகினால் சுவிட்ச் மூடும் கணத்தில் ஷார்ட் சர்க்யூட்தான்.

கனடாவில் இருக்கும் அண்ணனின் ஆலோசனையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஸ்கார்பரோவில் தன் வீட்டு தெர்மோஸ்டாட்டை அவரே மாற்றியிருப்பார். வீடியோ எடுத்தும் அனுப்புவார். அவர் செய்தது அங்கே சரி. வட அமெரிக்காவில் ஃபர்னேஸுக்குப் போகும் தெர்மோஸ்டாட் வயர்களில் பொதுவாக 24 வோல்ட்தான். இங்கே லண்டன் ஹாரோவில் அதே மாதிரி சுவர்ப் பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கலாம். அண்ணன் வெறும் கையால் தொட்ட வயரை இங்கே தம்பி தொட்டால் உயிர் போகலாம். பாய்லரின் முன்பக்க பட்டனை அணைப்பதும் பாதுகாப்பு ஆகாது. பக்கத்திலுள்ள ஃபியூஸ் சுவிட்சை அணைத்து, அதன் 3 ஆம்பியர் ஃபியூஸை வெளியே எடுத்து, பிறகு சோதனைக் கருவியால் ஒவ்வொரு வயரையும் பார்க்க வேண்டும்.

இனி பில் விஷயம். பெட்டியை மாட்டுவதால் மட்டும் பில் இறங்காது. இன்றைய காம்பி எல்லாம் கண்டென்சிங் பாய்லர்கள். புகையில் போகும் நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் மீட்பவை. ரேடியேட்டரிலிருந்து திரும்பும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த மீட்பு ஒழுங்காக நடக்கும். வெறும் ஆன்-ஆஃப் சுவிட்சாக இணைத்த ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் தண்ணீரின் சூட்டைத் தொடுவதே இல்லை. அறைக்கு இன்னும் அரை டிகிரிதான் தேவை என்பது பாய்லருக்குத் தெரியாது. வைத்திருக்கும் 70, 75 டிகிரிக்கே தண்ணீரைக் காய்ச்சும். ஓபன்தெர்ம் என்னும் முறையில் இணைத்தால், தெர்மோஸ்டாட் எவ்வளவு சூடு வேண்டும் என்று பாய்லரிடம் சொல்ல முடியும். அதுவும் இரண்டு வயர்தான், ஆனால் வேறு முனைகள். எல்லா பாய்லரும் அதை ஏற்காது. வைலன்ட்டுக்கு ஈபஸ், வூஸ்டர் பாஷுக்கு ஈஎம்எஸ் என்று சொந்த முறைகள் உண்டு. வாங்குமுன் பொருத்தம் பார்க்காவிட்டால், பணம் கொடுத்து வாங்கிய திறமையில் பாதி பெட்டிக்குள்ளேயே தூங்கும்.

“வீட்டில் ஆளில்லாதபோது தானே அணையும்” என்பதும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. பல தெர்மோஸ்டாட்கள் பார்ப்பது ஆளை அல்ல, போனை. மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் வீடு காலி என்று முடிவு செய்து ஹீட்டிங்கை இறக்கிவிடும். ஸ்மார்ட்போன் இல்லாத அம்மம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பகலெல்லாம் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இந்த வசதியை அணைத்து வையுங்கள்.

பில்லைக் குறைக்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. காம்பியில் ரேடியேட்டருக்குத் தனியாக உள்ள குமிழைத் திருப்பி 60 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். தண்ணீரைச் சேமிக்கும் சிலிண்டர் உள்ள வீட்டுக்கு மட்டும் இது பொருந்தாது; சிலிண்டர் தண்ணீர் போதிய சூடாகாமல் கிருமி வளரலாம்.

தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள். அதற்கு முன் பாய்லர் கையேட்டில் வயரிங் பக்கத்தைத் திறந்து, தெர்மோஸ்டாட் முனை 230 வோல்ட்டா, தாழ்மின்னழுத்தமா என்று பாருங்கள். புரியவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். பாய்லரின் உறையைக் கழற்ற வேண்டிய வேலை என்றால் கேஸ் சேஃப் பதிவு உள்ளவரை மட்டும் விடுங்கள். வருபவரிடம் அட்டையைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்பது அதன் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும்.