சீர்திருத்தத்தின் எல்லைக்கோடு

அமெரிக்காவின் பீச்சர் குடும்பத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே சுருதியில்தான் பாடுகின்றனர். தந்தை லைமன் புகழ்பெற்ற போதகர். மூத்த மகள் கேத்தரின் 1823இல் ஹார்ட்ஃபோர்டில் பெண்கள் பள்ளி கண்டவர். ஹேரியட் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' (1852) எழுதி அடிமை முறைக்கு எதிராக மனச்சான்றுகளை எழுப்பியவர். ஹென்றி வார்ட் புரூக்ளின் பிளிமத் ஆலயத்தில் அடிமைகளின் விடுதலைக்குப் பணம் திரட்டியவர். யாவும் உண்மையே, ஆயினும் பாதி உண்மை.

1834 ஆகஸ்டு 10ஆம் நாள், கத்தோலிக்க மறை குடியரசுக்கு ஆபத்து என பாஸ்டனில் லைமன் முழங்கினார். மறுநாள் இரவு, அருகிலிருந்த சார்லஸ்டவுனில் உர்சுலா கன்னியர் மடத்தைக் கும்பலொன்று எரித்தது. அங்குப் பயின்ற சிறுமியருள் பெரும்பாலோர் சீர்திருத்தச் சபையினரின் மக்களே! அவருடைய உரைதான் தீ மூட்டியது எனச் சாதிப்பது நீதியன்று; வெறுப்பு அந்நகரில் முன்னரே ஊறிக்கிடந்தது. ஆனால், 1835இல் அதே அச்சத்தை நூலாக்கி அச்சிட்டாரே, அதை எவ்வாறு நியாயப்படுத்துவது?

அதே 1834இல், சின்சினாட்டியில் அவர் தலைமையேற்றிருந்த லேன் இறையியல் கல்லூரி மாணவர்கள் அடிமை ஒழிப்பை விவாதித்தனர். கறுப்பின மக்களுக்குப் பள்ளிகளும் நடத்தினர். நிர்வாகம் அவர்களின் வாயை அடைத்தது. லைமன் நிர்வாகத்தின் பக்கமே நின்றார். மாணவருள் பெரும்பாலோர் வெளியேறினர்.

மக்களும் இவ்வாறே. பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்ற கேத்தரின், வாக்குரிமை வேண்டாம் என்றார். ஹேரியட், தம் நாவலின் முடிவில், விடுதலை பெற்ற ஜார்ஜ் ஹாரிஸை லைபீரியாவுக்கு அனுப்பினார். ஹென்றியோ 1877 இரயில்வே வேலைநிறுத்தத்தின்போது, நாளுக்கு ஒரு டாலர் கூலி போதும், ரொட்டியும் தண்ணீரும் கொண்டு தொழிலாளி வாழலாம் என்று போதித்தார்.

இவை காலத்தின் குறை எனச் சமாதானம் கூறுவோர் உண்டு. ஏற்பதற்கில்லை. லேன் மாணவர்களும் அக்காலத்தவரே. பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய இசபெல்லாவும் அதே வீட்டில் பிறந்தவரே. கண்டவர்கள் அருகிலேயே இருந்தபோது, காணாதவர்களுக்காகக் காலத்தைச் சாட்சிக்கு அழைப்பது எங்ஙனம்?

நாமும் எரிந்த மடத்தை மட்டும் நினைவில் கொண்டால் அதே பிழையைச் செய்தவராவோம். 1838இல் மேரிலாந்து இயேசு சபையினர் 272 அடிமைகளை விற்றனர். அப்பணத்தின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனைத் தீர்த்தது. துரும்பைச் சுட்டும் விரல் நம் கண்ணிலுள்ள மரக்கட்டையையும் தொட்டாக வேண்டும். ஒரு சீர்திருத்தவாதியை அவர் யாருக்காக அழுதார் என்பதைக் கொண்டு மட்டும் அளவிடாதீர். யாருக்காக அழ மறுத்தார் என்பதையும் கேளுங்கள்.