பழுதறிந்து மாட்டுக!

"பழைய மோட்டார் வண்டியைப் பழுது பார்ப்பது பணக்காரர் வீட்டுப் பொழுதுபோக்கு, பட்ட மேற்படிப்பு மாணவனுக்கு அங்கே என்ன வேலை?" என்று விடுதி நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நம் சங்க மலருக்கு இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றபோது ஒருவர் வாய்விட்டே சிரித்தார். சிரிக்கட்டும். பௌதிகம் பயிலும் நான் ஓம் விதியை உள்ளபடி உணர்ந்தது ஆய்வுக்கூடத்தில் அன்று. புனே நகரில் ஒரு வீட்டுக் கொட்டகையில், கையெல்லாம் எண்ணெய்க் கறையோடுதான்.

வண்டி என்னுடையதன்று. நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் படையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற மராட்டியப் பெரியவர். எல்லோரும் அவரைக் 'காக்கா' என்று அழைக்கிறார்கள். (மராட்டியில் அது சிற்றப்பனைக் குறிக்கும், நம் காதுக்கு என்னவோ பறவையாகத்தான் கேட்கிறது.) அவரிடம் 1968-ஆம் ஆண்டின் டிரையம்ப் ஸ்பிட்பயர் ஒன்று இருக்கிறது. இருவர் அமரும் திறந்த வண்டி, 1296 கன சென்டிமீட்டர் எஞ்சின், இரட்டைக் கார்பரேட்டர். பிறந்த இடம் இங்கிலாந்தின் கவென்ட்ரி. ஆயினும் நமக்கு அது முற்றிலும் அயலன்று. 1961 முதல் சென்னையில் செய்யப்பட்டதே ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்பயரை 1962-இல் உருவாக்கினார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிக்கலோட்டி என்ற ஒரே இத்தாலியர்.

இந்த வண்டிக்கு ஒரு நோய் இருந்தது. வெயில் நேரத்தில் பத்துக் கிலோமீட்டர் ஓடும், நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடவாததுபோல் மறுபடி ஓடும். காக்கா அதை ஒரு பட்டறைக்கு அனுப்பினார். பெட்ரோல் ஆவியாகிறது என்று சொல்லிப் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். பிறகு கார்பரேட்டரைக் குறை கூறிப் பிரித்தார்கள். பிறகு காயிலை மாற்றினார்கள். மூன்று முறை பணம் போயிற்று, நோய் போகவில்லை. "இந்தப் பழைய பாயிண்ட் முறையையே தூக்கி எறிந்துவிட்டு மின்னணு முறையை மாட்டிவிடலாம், எல்லாம் சரியாகிவிடும்" என்பது கடைசி யோசனை.

இந்த யோசனையைத்தான் நான் எதிர்க்கிறேன். மின்னணு முறை கெட்டதென்பதற்காக அன்று. அது நல்லதுதான், தேய்மானமில்லாதது. ஆனால் பழுது எங்கே என்று தெரியாமல் புதுப்பொருளை மாட்டுவது மேம்பாடாகுமா?

வண்டி நின்ற நேரத்தில், சூடு ஆறுமுன், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பொறி வரவில்லை. ஆகவே பெட்ரோல் குற்றவாளியன்று. பாதி வழக்கு அப்போதே தீர்ந்தது. பாயிண்ட் மூடிய நிலையில் அதன் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வோல்ட்டுமானியை வைத்தோம். நல்ல வண்டியில் அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டலாகாது. எங்களுக்குக் காட்டியது 3 வோல்ட்டு! டிஸ்டிரிபியூட்டருக்குள் அடித்தட்டை உடலோடு இணைக்கும் சிறிய எர்த் கம்பி ஒன்று உண்டு. அரை நூற்றாண்டாக ஆடி ஆடி அதன் இழைகள் பெரும்பாலும் அறுந்திருந்தன; திருகின் அடியில் பச்சைக் களிம்பு. காயிலின் தடை 3 ஓம். மீந்த 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் ஓடியது. ஆக அந்தச் சிறுகம்பியில் 1 ஓம் தடை. சூடேற ஏற அது இன்னும் கூடும்.

இங்கே அறிவியல் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி ஆறியபின் அதே கம்பியை ஓம்மானியில் வைத்தால் 'நலம்' என்றே சொல்கிறது. ஓம்மானி செலுத்துவது மிகச் சிறு மின்னோட்டம். வேலை செய்யும்போது, சுமையோடு, சூட்டோடு அளந்தால்தான் உண்மை வெளிப்படும். மின்னணு முறையை மாட்டியிருந்தாலும் அதற்கும் அதே எர்த்தான். அதுவும் நின்றிருக்கும், கூடுதலாகப் பாட்டரிமீதும் பழி விழுந்திருக்கும். எங்களுக்கான செலவு ஒரு சாண் மென்கம்பியும் கொஞ்சம் ஈயப்பற்றும்.

பழுது தீர்ந்தபின் மேம்படுத்துவது வேறு கதை. அதில் எனக்கு மிகுந்த விருப்பமே. முன்விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அமைப்பில் விளக்கின் மின்சாரம் முழுவதும் சுவிட்சு வழியே போய்வருகிறது. இரண்டு விளக்குக்குமாக 10 ஆம்பியர், வழியில் 0.2 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட்டு போய்விடும். 12 வோல்ட்டு விளக்குக்கு 10 வோல்ட்டு கிடைத்தால் ஒளி ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஒரு ரிலேயும் தடித்த கம்பியும் ஒரு பியூசும் போட்டோம். இரவில் சாலை தெரிகிறது. அதுபோலவே பெட்ரோல் குழாய்கள். இன்று நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். பழைய ரப்பரை அது மெல்ல அரிக்கிறது. சூடான எஞ்சின்மேல் சொட்டினால் வண்டியே எரியும். எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றியது ஆடம்பரமா, சொல்லுங்கள்?

முன்சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அதற்குக் கிரீஸ் கூடாது. கியர் எண்ணெய்தான் இடவேண்டும். கிரீஸ் உள்ளே பரவாமல் கட்டிப்பட்டுவிடும், நீர் புகும், துரு தின்ற தண்டு ஒரு நாள் முறிந்து சக்கரம் மடங்கும். பட்டறையிலிருந்து திரும்பிய வண்டியில் கிரீஸ்தான் இருந்தது. ஹெரால்டுக்கும் ஸ்பிட்பயருக்கும் பொதுவான புஷ்களைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடி வாங்கி வந்தேன். தாள்களில் பொட்டலம் கட்டித் தந்த கடைக்காரப் பெரியவர், "எண்ணெய் போடு தம்பி, கிரீஸ் வைக்காதே" என்று நான் கேட்காமலே சொன்னார். அவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் பயின்றார்? கையால் வேலை செய்பவரை ஒரு படி தாழ்வாக எண்ணும் நம் வழக்கம், நமக்கே நட்டம் தருவது.

சில நண்பர்கள் ஜப்பானிய எஞ்சினைத் தூக்கி வைக்கச் சொல்கிறார்கள். அதற்கு நான் உடன்படேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருப்பது ஒருபுறம். இந்த வண்டியின் பின்னச்சுக்கு அந்த வேகம் ஆகாது. வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று காலைப் பெட்ரோலிலிருந்து எடுத்தால் வண்டியின் பின்பகுதி எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடியும், வண்டி சுழலும். செய்தவர்களே இதை உணர்ந்து 1970-இல் வந்த அடுத்த வகையில் பின்வில்லைத் திருத்தி அமைத்தார்கள்.

அந்தத் திருத்திய வில்லை இதிலும் மாட்ட வேண்டும் என்பது என் கட்சி. 1968-இல் எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும் என்பது காக்காவின் கட்சி. வழக்கு இன்னும் நடக்கிறது. இப்போதைக்கு, வளைவுகளில் ஓட்டுவது அவர், மெல்லப் போகச் சொல்வது நான்.