முத்து இல்லாத முத்து நகரம்

சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடிக்குத் தினமும் கிளம்பும் ரயிலின் பெயர் முத்துநகர் எக்ஸ்பிரஸ். அது போய்ச் சேரும் ஊரில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்! அதற்கப்புறம் பிறந்தவர்களே தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளிடம் "தூத்துக்குடியின் இயற்கை வளம் என்ன?" என்று கேட்டால் முதலில் வரும் பதில் முத்துதான்.

பிள்ளைகள் மேல் தப்பில்லை. வளங்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைப்பதுதான் கோளாறு. முத்து, சங்கு, உப்பு, பவளப்பாறை, துறைமுகம்... வரிசையாக எழுதினால் மார்க் வந்துவிடும். இதில் எது மிச்சம் இருக்கிறது, எது போய்விட்டது என்று யாரும் கேட்பதில்லை. காமர்ஸ் மாணவர்களுக்குப் புரியும்படி சொன்னால், சொத்துக்களை ஐந்தொகையில் ஏற்றிவிட்டுத் தேய்மானத்தை எழுதாமல் விட்ட கதை.

வேடிக்கை என்னவென்றால், முத்து விஷயத்தில் அந்தக் காலத்தில் கணக்குப் பார்த்துத்தான் கடலில் இறங்கினார்கள். மன்னார் வளைகுடாவில் சிப்பிகள் ஒட்டி வளரும் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். முதலில் அரசாங்க ஆட்கள் பாரில் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, வயதையும் முத்தின் மதிப்பையும் பார்ப்பார்கள். மூன்று வயதுக்குக் குறைந்த சிப்பியில் பெரிதாக ஒன்றும் தேறாது. ஐந்தாறு வயதானால் சிப்பியே செத்துப்போகும். நடுவில் இருக்கும் கொஞ்ச காலம்தான் அறுவடை. கணக்குச் சரியாக வந்தால் மட்டும் குளிப்புக்கு அறிவிப்பு வரும். பரதவர்களும் மற்றவர்களும் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி உள்ளே இறங்குவார்கள். குளித்தவர்களுக்கு ஒரு பங்கு, மீதி அரசாங்கத்துக்கு. அது ஏலத்துக்குப் போகும். சிப்பி இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் குளிப்பே கிடையாது. (பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பேர்போன கொற்கைத் துறைமுகம், தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடலை விட்டுத் தள்ளிப்போய், இன்று ஒரு சின்ன கிராமம்.)

1955 முதல் 1961 வரை தொடர்ந்து குளிப்பு நடந்தது. அதோடு சரி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973-ல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. பெரிய சாதனைதான். ஆனால் ஜப்பானில் போல இங்கே அது ஊருக்கே சோறு போடும் தொழிலாகவில்லை.

பவளப்பாறைக்கு இந்தக் கணக்கெல்லாம் யாரும் பார்க்கவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் பல வருஷங்கள் வெட்டி எடுத்தார்கள். மெதுவாக வளர்வதை வேகமாகக் காலி செய்தால் என்ன ஆகும்? தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள் என்று படிக்கிறோம் அல்லவா, அவற்றில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. 1986-ல் தேசியப் பூங்கா வந்தது. பவளப்பாறையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்க 2001 ஆனது. அதற்குள் எவ்வளவோ வண்டி ஏறிவிட்டது.

உப்பு மட்டும் தீராது என்று நினைக்கலாம். கடல் தண்ணீருக்கா பஞ்சம்? ஆனால் அங்கே உண்மையான வளம் தண்ணீர் இல்லை, வெயிலும் குறைவான மழையும்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியபோது உப்பளங்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். குவித்து வைத்த உப்பும் கரைந்தது, உப்பளத் தொழிலாளிகளின் கூலியும் போனது. பாடத்தில் "உப்பு" என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டிய இன்னொரு வரவு செலவும் உண்டு. தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் வான் தீவும் கரைந்துகொண்டே வந்தது. அதைக் காப்பாற்ற 2015 முதல் கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகள் செய்து கடலில் இறக்கினார்கள். முன்பு சும்மா வெட்டி எடுத்த கல்லுக்குப் பதிலாக, இப்போது காசு கொடுத்துச் செய்த கல்!