வேகக் காரைக் கொடுத்து ஜீப் எடுக்கும் கணக்கு

தனியார் வாகன இறக்குமதிக்கு இருந்த தடை 2025 பெப்ரவரியில் நீங்கியது முதல் எங்கள் வியாபாரிகள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சாக இருக்கிறது. யார் எதைக் கொடுத்து எதை எடுத்தார், மேலதிகமாக எவ்வளவு கட்டினார் என்பதே அந்தப் பேச்சு. கல்யாண வீட்டிலும் அதுதான், மையித்து வீட்டு வாசலிலும் அதுதான். அதிலும் ஐம்பதைத் தொட்ட பலர், ஒரு காலத்தில் ஆசை ஆசையாய் வைத்திருந்த சுபாரு, லான்சர் எவலூஷன் போன்ற ஓட்டக் கார்களைக் கொடுத்துவிட்டு மொன்டெரோ, பிராடோ என்று உயரமான ஜீப்புகளுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் அப்படி மாறியவன்தான். பல வருடங்கள் என்னிடமிருந்த சுபாரு இம்பிரேசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய டீசல் மொன்டெரோ எடுத்தேன். எடுத்ததில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் இந்த மாற்றத்தை "காசு எங்கே போகப் போகிறது, வாகனத்தில்தானே கிடக்கிறது" என்று சொல்லிச் செய்கிறவர்களைக் காணும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜீப்புக்கு மேலதிகமாகக் கட்டும் பணம் முதலீடு அல்ல, சொகுசுக்குக் கொடுக்கும் விலை. அந்த விலையைக் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. இரண்டு லீற்றர் டர்போ இயந்திரம், இருநூறுக்கு மேற்பட்ட குதிரைவலு. 1995 இல் கொலின் மெக்ரேயும் 2001 இல் ரிச்சர்ட் பேர்ன்ஸும் 2003 இல் பீற்றர் சோல்பேர்க்கும் உலக ரலி சம்பியன்களானது இம்பிரேசாவில்தான். "நாலு சக்கரமும் இழுக்கிற வாகனம் வேண்டும் என்றுதான் ஜீப் எடுத்தேன்" என்று சிலர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். டபிள்யூ.ஆர்.எக்ஸ். எந்த நேரமும் நாலு சக்கரத்திலும் இழுக்கிற கார். மழையில் மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் அது ஒட்டிக்கொண்டு ஏறுவதைப் போல எந்த ஜீப்பும் ஏறாது.

அப்படியானால் ஏன் கொடுத்தேன்? என் வேலை மாறியது. ஹார்ட்வெயார் மொத்த வியாபாரம் என்னுடையது. முன்பு புறக்கோட்டைக்குள்ளேயே நாள் முடிந்துவிடும். இப்போது கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்துக் கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கிறேன். கொடுத்தால் மட்டும் போதுமா, நிலுவை வாங்கவும் நானே போக வேண்டும். போக 300 கிலோமீற்றருக்கு மேல், வரவும் அவ்வளவு. கடைகளின் களஞ்சியங்கள் பெரும்பாலும் உள்வீதிகளில். தார் முடிந்து கிறவல் தொடங்கும் இடத்தில் அந்தத் தாழ்ந்த காரின் முன் பம்பர் மண்ணை வாரும். போதாக்குறைக்கு, எழுபத்தொன்பது வயதான எங்கள் உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். அவ்வளவு தாழ்ந்த ஆசனத்தில் அவரை இறக்கி உட்கார வைப்பதும் பிறகு கையைப் பிடித்து மேலே தூக்குவதும் அவருக்கும் வேதனை, என் நாரிக்கும் வேதனை. ஜீப்பில் கால்படியில் ஏறினால் ஆசனம் இடுப்பு உயரத்தில் இருக்கிறது.

வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன். ஊருக்குள் சட்டம் தரும் வேகம் மணிக்கு 50, ஊருக்கு வெளியே 70, அதிவேகப் பாதையில் 100. அந்த 100 ஐ சாதாரண வேனும் எட்டும். இருநூறு குதிரைவலுவுக்கு நான் எரித்த பெற்றோலில் பெரும்பங்கு மருதானைச் சந்தியில் நின்று எரிந்ததுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். வாகனம் விலை ஏறும் பொருள் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஐந்து வருடத்துக்குக் கிட்ட புதிய கார் கப்பலில் வந்து இறங்கவில்லை. இடையில் 2022 இல் ரூபா விழுந்தது. 200 ரூபாவில் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 ஐ எட்டியது. சரக்கு வரத்தும் இல்லை, ரூபாவுக்கு மதிப்பும் இல்லை என்றால் கிடக்கிற பழைய பொருளுக்கு விலை ஏறத்தான் செய்யும். பத்து வருடம் ஓடிய காரை வாங்கிய விலையைவிடக் கூட விற்றவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்தது வாகனத்தின் இலாபமல்ல, ரூபாவின் நட்டம். விற்ற காசுக்கு அதே மாதிரி இன்னொரு கார் எடுக்கப் போனபோது அது விளங்கியிருக்கும்.

இப்போது கப்பல் வருகிறது. வரி கடுமைதான். உற்பத்தித் தீர்வை இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கப்படுவதால், 2800, 3200 சீ.சீ. ஜீப்புகளின் விலை சாதாரண வியாபாரியின் கைக்கு எட்டாது. அதனால் பழைய ஜீப்புக்குக் கேள்வி குறையவில்லை. இதை வைத்து, 2020 க்கும் 2024 க்கும் இடையில் நடந்தது இனியும் நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வரத்து அடைபட்டிருந்த காலத்து விலையை நம்பிச் சரக்கு வாங்கும் வியாபாரியை நாம் என்ன சொல்வோம்? சீமெந்தில் அதைச் செய்ய மாட்டோம், சீனியில் செய்ய மாட்டோம். ஜீப் என்றதும் மட்டும் செய்கிறோம்.

எரிபொருளில் மிச்சம் பிடிப்பதற்காக மாறுகிறோம் என்பது அடுத்த சமாதானம். 2022 இன் தாக்கம் அது, எனக்கு விளங்குகிறது. அந்த வருடம் ஜூன் இறுதியில் 95 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 550 ரூபாவும் ஓட்டோ டீசல் 460 ரூபாவும் விற்றது. டர்போ காருக்கு 95 தான் ஊற்ற வேண்டும். கியூ.ஆர். முறை தொடங்கியபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் தந்தார்கள். என் கார் அதில் 140 கிலோமீற்றர் ஓடும், கல்முனைக்குப் பாதி வழிகூட இல்லை. ஆனால் அந்த நாட்களின் பயத்தை வைத்து இன்றைய கணக்கைப் போட முடியாது. மாதம் 2000 கிலோமீற்றர் ஓடுகிறேன் என்று வையுங்கள். கார் லீற்றருக்கு 7 ஓடியது, கிட்டத்தட்ட 286 லீற்றர். ஜீப் 9 ஓடுகிறது, 222 லீற்றர். மாதம் 64 லீற்றர் மிச்சம், டீசல் விலை குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் மிச்சம். நல்லதுதான். ஆனால் ஜீப்பின் ஒரு சோடி டயர் அந்த மிச்சத்தின் பல மாதங்களை விழுங்கிவிடும். எரிபொருளுக்காக ஜீப் எடுத்தேன் என்று யாராவது சொன்னால் அவர் டயர் விலை கேட்கவில்லை என்று அர்த்தம்.

எக்ஸ்சேஞ்ச் செய்யும் இடத்தில் நம்மவர்கள் ஏமாறுவது பற்றியும் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு இரண்டு விற்பனையாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் உங்கள் காரைத் தடவிப் பார்த்து, "ஹாஜியார், இந்த மாதிரி சுத்தமான வாகனம் நான் காணவில்லை, 90 இலட்சம் போடுகிறேன்" என்கிறார். அவருடைய ஜீப் 185. இரண்டாமவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு 78 க்கு மேல் தர முடியாது என்கிறார். அவருடைய அதே வருட ஜீப் 170. முதலாமவரிடம் நீங்கள் கட்டுவது 95 இலட்சம், இரண்டாமவரிடம் 92. ஆனாலும் எங்கள் ஆட்கள் முதலாமவரிடமே போவார்கள், ஏனென்றால் அவர் காரை மதித்தார்! கடையில் பத்து ரூபாவுக்கு அரை மணித்தியாலம் பேரம் பேசுகிறவர் புகழ்ச்சிக்கு 3 இலட்சம் கொடுத்துவிட்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார்.

நான் எக்ஸ்சேஞ்ச் செய்யவில்லை. வேகக் காரின் சந்தை வேறு, அதை விரும்பி வாங்குகிறவன் ஜீப் விற்பனையாளனிடம் வருவதில்லை. காரை எடுத்தபோது வந்த எக்ஸோஸ்ட் குழாய், எயார் பில்டர் பெட்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தேன், டைமிங் பெல்ட் மாற்றிய பற்றுச்சீட்டு உட்பட. மாற்றம் செய்யாத கார் தேடி வந்த ஒரு இளைஞர் பேரம் அதிகம் பேசாமல் எடுத்துப் போனார். பஞ்சிகாவத்தையில் அந்தக் காருக்கான அசல் பாகங்கள் வர வரக் கிடைப்பது குறைந்துகொண்டிருந்ததும் நான் விற்றதற்கு ஒரு காரணம். மொன்டெரோவின் உற்பத்தியும் 2021 இல் முடிந்துவிட்டதுதான். ஆனால் இந்த நாட்டில் ஓடுகிற எண்ணிக்கையைப் பார்த்தால் அதற்கு இன்னும் நீண்ட காலம் சாமான் கிடைக்கும்.

மிகுதிப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அந்த 92 இலட்சம் கடையின் சுழல் பணம் என்று வையுங்கள். அது வருடத்துக்கு நாலு தடவை சுழன்று, ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு ஐந்து மட்டும் மிஞ்சினாலும் 18 இலட்சத்துக்கு மேல் வரும். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் அந்த 18 இலட்சமும் ஒவ்வொரு வருடமும் போகிறது, எந்தப் புத்தகத்திலும் செலவாக எழுதப்படாமல். சரக்குக் குறைந்த கடைக்கு வாடிக்கையாளர் இரண்டு முறை வந்து "இல்லை" என்று கேட்டால் மூன்றாம் முறை பக்கத்துக் கடைக்குப் போவார். கடனுக்கு எடுப்பவர்களுக்கும் இதுதான். லீசிங்கை விட்டு இஜாரா முறையில் எடுத்தால் மார்க்கப் பிரச்சினை தீரலாம், மாதத் தவணையின் பாரம் தீராது. என் எண்ணத்தில், வித்தியாசப் பணத்தை இலாபத்திலிருந்து கட்ட முடியாதவர் இன்னும் இரண்டு வருடம் பழைய காரையே ஓட்டலாம். சமூகத்தில் ஜீப்புக்கு இருக்கிற மரியாதை எனக்குத் தெரியும். பஜிரோ என்ற சொல்லே ஒரு காலத்தில் பாராளுமன்ற உறுப்பினரின் வாகனம் என்ற அர்த்தத்தில் புழங்கியது. ஆனால் எனக்குச் சரக்குத் தரும் கம்பனி, கடன் தவணை நாளில் என் காசோலையைத்தான் பார்க்கிறது.

பழைய ஜீப் எடுப்பவர்கள் இந்த நாட்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. அவற்றில் பல கழுவிப் பூசப்பட்டு மீண்டும் சந்தைக்கு வரும். ஆசனப் பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் தெரியும். கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், ஆசனத்தின் கீழ்த் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு நல்ல வாசனைத் திரவியம் அடித்திருந்தாலும் ஏ.சீ.யைப் போட்டுப் பத்து நிமிடம் கண்ணாடியை மூடி வைத்தால் வெள்ள வாடை வந்துவிடும். உங்கள் சொந்த பாஸைக் கூட்டிப் போங்கள், விற்பவர் காட்டுகிற கராஜுக்குப் போகாதீர்கள். ஒரு விற்பனை நிலையத்தில் வாகனத்தை உயர்த்திப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது, "நம்பிக்கை இல்லையா நானா?" என்று கோபித்துக்கொண்டார்கள். அந்த இடத்திலேயே திரும்பி வந்தேன்.

எடுத்த பிறகு ஓட்டுவதையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இதைத்தான் வேகக் காரிலிருந்து வருகிறவர்கள் மறக்கிறார்கள். கார் 1400 கிலோ அளவில், மொன்டெரோ இரண்டாயிரத்துக்கு மேல். பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் வேண்டும், வளைவில் மேல்பகுதி சாயும். உயரத்தில் இருப்பதால் வேகம் குறைவு போலத் தோன்றும். நாலு சக்கரத்திலும் இழுக்கிறது என்பதற்காக நாலு சக்கரத்திலும் பிரேக் கூடுதலாகப் பிடிக்கப் போவதில்லை. வெள்ளத்தில் இறக்கிப் பார்க்கிற வீரமும் வேண்டாம், ஓடுகிற தண்ணீர் ஜீப்பையும் தூக்கும்.

கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற சிறிய கம்பியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சாதாரண வீதியில் பின் சக்கர இழுவையில் ஓட்டுங்கள். சில ஜீப்புகளில் முன்னச்சும் பின்னச்சும் இறுகப் பூட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டதை நாலு சக்கர இழுவையில் போட்டு, காய்ந்த தார் வீதியில் திருப்பினால் வாகனம் முறுகும், உள்ளே பற்சக்கரம் தேயும். மொன்டெரோவில் மழைத் தாரிலும் போடக்கூடிய ஒரு நிலை தனியாக இருக்கிறது, பூட்டும் நிலை அதற்கு அடுத்தது, அது சேற்றுக்கும் மணலுக்கும் மட்டும். மாதத்தில் ஒரு தடவை கிறவல் வீதியில் அந்தக் கம்பியைப் போட்டு ஒரு கிலோமீற்றர் ஓட்டி எடுங்கள். வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் அது இறுகிவிடும். அப்படி இறுகிப்போன ஜீப்புகள்தான் சந்தையில் "சேற்றைக் கண்டதே இல்லை" என்ற விளம்பரத்தோடு நிற்கின்றன.